நிறத்தை விடுங்கள், முகத்தைப் பாருங்கள்: இலங்கையின் தாவரத்தத்திகளை இனங்காண ஒரு தொடக்க வழிகாட்டி

கடந்த பெரும்போகத்தில், நெல் குடலைப் பருவத்துக்கு வந்த நேரம். எங்கள் வட்டையில் பக்கத்து வயற்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு ஒரு நெற்பற்றையை விலக்கிக் காட்டினார். “தம்பி, தத்தி விழுந்திட்டு. நாளைக்கு விடிய மருந்தடிக்கணும்” என்றார். அடித்தண்டில் நாலைந்து சிறு பூச்சிகள் ஓடின. பச்சை உடல், தலையும் தோளும் கறுப்பு, மூன்று மி.மீ. அளவு. லென்ஸை எடுத்துக் குனிந்து பார்த்தேன். ஒன்றுகூடத் தத்தியில்லை. சிர்டோரைனஸ் லிவிடிபென்னிஸ் என்கிற பச்சை நாவாய்ப்பூச்சி அது. தத்திகள் நெல்லின் இலைமடலுக்குள் செருகி வைக்கும் முட்டைகளைத் தேடித்தேடி உறிஞ்சிக் குடிப்பதே அதன் வேலை. மருந்து விழுந்திருந்தால் முதலில் செத்திருப்பது அந்த வயலின் காவற்காரன்தான்.

பூச்சியின் பெயரைச் சரியாகச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்கு விளங்கியது. இந்தக் கட்டுரை அதற்காகத்தான். லென்ஸும் கைபேசியும் வைத்திருக்கிற எவரும், இலங்கையில் ஒரு தாவரத்தத்தியைப் பார்த்தால் அது எந்தக் குடும்பம், சில இடங்களில் எந்த இனம் என்பதுவரை போய்ச் சேரலாம்.

சொல்லைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ‘தத்தி’ என்றால் தத்துவது, குதிப்பது. நம் ஊரில் இலைத்தத்தி, தாவரத்தத்தி இரண்டுக்கும் இதே சொல்தான். விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரங்களில் வரும் கபில நிறத் தத்தி ஒரு தாவரத்தத்தி. தமிழகத்து விவசாயிகள் அதைப் புகையான் என்பார்கள். பச்சைத் தத்தி என்பது இலைத்தத்தி. இரண்டும் சாறு உறிஞ்சும், இரண்டும் குதிக்கும், ஆனால் உறவு தூரம். ஆகவே முதல் வேலை இந்த இரண்டையும் பிரிப்பது.

கையில் என்ன வேண்டும்

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று. கைபேசியில் கௌவி வைக்கும் மக்ரோ லென்ஸ் ஒன்று. மூடியுள்ள சிறிய கண்ணாடிக் குப்பிகள் நாலைந்து. அடி வெள்ளையான அகலத் தட்டு ஒன்று. பழைய குடை ஒன்றும் இருந்தால் நல்லது: குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து, மேலே உள்ள கிளையைத் தடியால் ரெண்டு தட்டுத் தட்டினால், பற்றைக்குள் ஒளிந்திருப்பதெல்லாம் குடைக்குள் விழும்.

நெல்லுக்கு வேறு முறை. தட்டைத் தண்டின் அடியோடு சேர்த்துப் பிடித்து, பற்றையைக் கையால் இரண்டு மூன்று முறை தட்டுங்கள். கபில நிறத் தத்தி தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் கூட்டமாக இருக்கும். வரம்பில் நின்று மேலிருந்து பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது.

குப்பியில் பிடித்த பூச்சி துள்ளிக்கொண்டே இருந்தால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஐந்து, பத்து நிமிடம் வையுங்கள். அசைவு மட்டுப்படும், படமெடுத்து முடிந்ததும் வெயிலில் விட்டால் பறந்துவிடும். காட்டுச் சரணாலயம், ஒதுக்குக் காடு போன்ற இடங்களில் அனுமதி இல்லாமல் எதையும் பிடிக்கக் கூடாது. அங்கே படம் மட்டும் போதும்.

முதற் படி: முகத்தைப் பக்கவாட்டில் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைக்க வேண்டுமென்றால் இதுதான். பூச்சியின் தலையைப் பக்கத்திலிருந்து பார்த்து, உணர்கொம்பு எங்கேயிருந்து முளைக்கிறது என்று தேடுங்கள். தாவரத்தத்தியில் அது கண்ணுக்குக் கீழே, கன்னத்திலிருந்து வரும். அதன் இரண்டாம் கணு பருத்து, சிறு மிளகு போல உருண்டு நிற்கும். அதன் நுனியில் மயிரிழை போல ஒரு வால். இலைத்தத்தியில் உணர்கொம்பு இரு கண்களுக்கும் நடுவே இருக்கும், அடிக்கணு பருத்திருக்காது, மெல்லிய முள் போல மட்டும் தெரியும்.

அந்தப் பச்சை நாவாய்ப்பூச்சியையும் இதே பார்வை காட்டிக்கொடுக்கும். அதன் உணர்கொம்பு நீளமான நூல், தூரத்திலிருந்தே தெரியும். சிறகுகள் கூரை போலச் சாயாமல் முதுகின்மேல் தட்டையாகப் படிந்திருக்கும். தட்டில் விழுந்ததும் குதிக்காது, ஓடும்.

சந்தேகம் தீரவில்லையா? இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. முன்சிறகு உடலோடு சேரும் மூலையில் தாவரத்தத்திக்கு ஒரு சின்னச் செதில், தோள்மூடி போல இருக்கும், இலைத்தத்திக்கு இல்லை. அடுத்தது பின்னங்கால். இலைத்தத்தியின் பின்கால் நெடுக வரிசை வரிசையாக முட்கள், சீப்பைப் பார்ப்பது போல. தாவரத்தத்தியின் காலில் முட்கள் சிலதான்.

நிறத்தை நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. ஒரே இனத்தில் ஆண் கறுப்பாகவும் பெண் வெளிறியும் இருக்கும். இன்று தோலுரித்த பூச்சி வெள்ளையாக இருந்து நாளை கபிலமாகும். நிறத்தை நம்பித் தொடங்கியவர்கள் எல்லோரும் ஆரம்பத்தில் தடுமாறியிருக்கிறார்கள், நானும் அப்படித்தான்.

இரண்டாம் படி: பின்காலின் குதிமுள்

தாவரத்தத்தி என்று உறுதியானதும் பின்காலின் நீண்ட கணு முடிகிற இடத்தைப் பாருங்கள். அங்கே பாதத்தோடு ஒட்டி, அசையக்கூடிய ஒரு பெரிய முள், கோழிச்சேவலின் குதிமுள் போல நிற்கிறதா? நின்றால் அது டெல்பாசிடே குடும்பம். வேறெந்தக் குடும்பத்துக்கும் இந்த அசையும் முள் கிடையாது. உலகில் நெல், சோளம், கரும்பு எல்லாவற்றிலும் பெருஞ்சேதம் செய்கிற தத்திகளில் பல இந்தக் குடும்பம்தான், அதனால் இந்த முள்ளைத் தேடிப் பழகுவது வீண்போகாது.

டெல்பாசிடே என்றால் உடனே இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: ஒரே இனத்தில் நெடுஞ்சிறகுப் பூச்சியும் குட்டைச்சிறகுப் பூச்சியும் உண்டு. நெடுஞ்சிறகுகள் வெளியிலிருந்து பறந்து வந்து வயலில் இறங்கும், இரவில் விளக்குக்கும் வரும். வந்த இடம் வளமாக இருந்தால் அடுத்த தலைமுறைப் பெண்களில் பல குட்டைச்சிறகோடு பிறந்து, பறக்காமல், அங்கேயே இருந்து முட்டையிடும். புதிதாகப் பார்க்கிறவர்கள் இவற்றை இரண்டு இனமென்று எழுதி வைப்பார்கள். வயலில் உருண்டு திரண்ட குட்டைச்சிறகுப் பெண்கள் கூடத் தொடங்கிவிட்டால், பெருக்கம் அங்கேயே நடக்கிறது என்று பொருள்.

நெல் வயலின் மூன்று முகங்கள்

கபில நிறத் தத்தி, அறிவியற்பெயர் நிலபர்வத்தா லூகன்ஸ். நெடுஞ்சிறகு நான்கைந்து மி.மீ. வரும். உடல் முழுக்கக் கபிலம். முதுகில் வெளிறிய பட்டை இல்லை, மெல்லிய மூன்று மேடுகள் மட்டும் நெடுக ஓடும். குட்டைச்சிறகுப் பெண்ணுக்குச் சிறகு வயிற்றின் நடுவோடு நின்றுவிடும், வயிறு உப்பியிருக்கும். உறுதிப்படுத்த ஒரு நல்ல அடையாளம் உண்டு, ஆனால் நுணுக்குக்காட்டி வேண்டும்: பின்பாதத்தின் முதற் கணுவின் பக்கவாட்டில் ஒன்றோ சிலவோ குறுமுட்கள் இருக்கும். நிலபர்வத்தா பேரினத்தின் முத்திரை அது.

வெண்முதுகுத் தத்தி, சொகட்டெல்லா பர்சிபெரா. மேலிருந்து பார்த்தால் போதும்: கழுத்திலிருந்து முதுகின் நடுவே, இரு சிறகுகளும் தொடங்கும் இடம்வரை, வெளிறிய மஞ்சள் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். அதன் இருபுறமும் கருமை. அணங்குகளும், அதாவது சிறகு முற்றாத குஞ்சுகளும், வேறு: கபில நிறத் தத்தியின் அணங்கு வளர வளர கபிலமாகும், இதனுடையது சாம்பலும் வெள்ளையும் கலந்து திட்டுத்திட்டாக இருக்கும். சிறகை மூடும்போது முதுகில் தெரியும் கரும்புள்ளியை வைத்து இவற்றைப் பிரிக்க வேண்டாம். இரண்டிலும் அது இருக்கும்.

மூன்றாவது தத்தியைப் பலரும் கவனிப்பதே இல்லை. வரம்போரக் கோரையில், சில நேரம் நெல்லிலும், மாவைத் தூவியது போல வெளுத்த ஒரு சிறு பூச்சி சிறகைக் கூரையாகச் சாய்த்துக்கொண்டு இருக்கும். நிசியா நெர்வோசா, மீனோப்லிடே குடும்பம். காலில் குதிமுள் இல்லை. மூடிய சிறகின் முதுகுப்புற நரம்பில் மணிகள் கோத்தது போலச் சிறு குருணைகள் வரிசையாகத் தெரியும். இதை 1863 இல் ரஷ்யப் பூச்சியியலாளர் மொச்சுல்ஸ்கி இலங்கைப் பூச்சியை வைத்தே விவரித்தார். உலகம் முழுதும் இப்போது வழங்கும் பெயர் நம் மண்ணின் ஒரு பூச்சியிலிருந்து பிறந்தது என்பது எனக்கு இன்றும் பெருமையான விஷயம்.

பச்சைத் தத்தியும், சிறகில் கோணல் கோடு ஓடும் வளைகோட்டுத் தத்தியும் இதே தட்டில் விழும். முகத்தைப் பார்த்ததும் இலைத்தத்தி என்று ஒதுக்கிவிடலாம். சோளன் செய்கை பக்கத்தில் இருந்தால் அதன் குருத்துக்குள்ளும் எட்டிப் பாருங்கள்: குதிமுள்ளோடு, சிறகு நுனிப்பக்கம் கபிலக் கறையோடு இருந்து, எறும்புகளும் சுற்றி நின்றால் அது பெரும்பாலும் பெரெக்ரினஸ் மைதிஸ்.

மூன்றாம் படி: வீட்டுத்தோட்டத்தில் சிறகைப் படியுங்கள்

வயலைத் தாண்டி வந்தால் குதிமுள் இல்லாத குடும்பங்கள்தான் அதிகம். இங்கே கண் சிறகுக்குப் போக வேண்டும்.

சிறகு உடலைப்போல இரண்டு மடங்கு நீண்டு, பூச்சியே ஒரு சின்னஞ்சிறு காற்றாடி போல இருந்தால் டெர்பிடே. தென்னோலையின் அடிப்பக்கத்தில் இவற்றைத் தேடுங்கள். கருஞ்சிறகில் வெண்புள்ளிகளோடு, சிறகை விரித்தபடி நிற்கும் ப்ரௌடிஸ்டா மொயெஸ்டா தென்னை, கமுகு இரண்டிலும் வரும். உறுதிப்படுத்த உறிஞ்சுகுழலைப் பாருங்கள்: அதன் கடைசிக் கணு மிகக் குட்டை, நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. இதன் குஞ்சுகளை ஓலையில் தேடி நேரம் போக்காதீர்கள். டெர்பிடே அணங்குகள் உக்கிய மரத்திலும் சருகிலும் பூஞ்சை தின்று வளர்பவை.

கண்ணாடிச் சிறகு, நரம்பெல்லாம் புள்ளியிட்டது போலக் குருணை, ஒவ்வொன்றிலும் ஒரு மயிர். நெற்றியில் மூன்றாவது ஒற்றைக்கண்ணும் (பெரிய கண்களைத் தவிர உள்ள, புள்ளி போன்ற சிறு கண்) இருக்கிறதென்றால் சிக்ஸிடே. இவற்றின் அணங்குகள் மண்ணுக்குள் வேரை உறிஞ்சும், ஆகவே நமக்குக் கிடைப்பது வளர்ந்த பூச்சி மட்டும்தான்.

ரிக்கானிடேயும் பிளாட்டிடேயும் அந்துப்பூச்சி என்றே பலருக்கும் தோன்றும். இரண்டுக்கும் அகன்ற முக்கோணச் சிறகு. முதலாவது பெரும்பாலும் கருங்கபிலம், இடையிடையே கண்ணாடி சன்னல்கள், சிறகைச் சற்று விரித்துத் தட்டையாக வைக்கும். இரண்டாவது இளம்பச்சை அல்லது வெள்ளை, சிறகைச் செங்குத்தாக இறுக்கி மூடி, தண்டில் முளைத்த முள்ளோ இலையோ போல வரிசையாக உட்கார்ந்திருக்கும். நிறம் குழப்பினால் சிறகின் முதுகுப்புற மூலையை லென்ஸில் பாருங்கள்: பிளாட்டிடேக்கு அங்கே குருணை குருணையாக இருக்கும், ரிக்கானிடேக்கு இருக்காது. அந்துப்பூச்சியா என்ற ஐயத்தை விரலால் தீர்க்கலாம். தொட்டால் அந்து செதிலை உதிர்க்கும், இது சட்டென்று குதிக்கும்.

வீதியோர எருக்கலைகளில் நின்று பாருங்கள். அகன்று தட்டையாக, பட்டை நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் தத்தி யூரிபிராக்கிஸ் டொமென்டோசா. நெற்றி மிக அகலம், உயரத்தைவிட அகலம் அதிகம். இலையில் பஞ்சை அப்பியது போல வெண்மெழுகு மூடிய முட்டைத்திட்டு இருந்தால் அதுவும் இதனுடையதாக இருக்கலாம். கரும்புக்காட்டில் வைக்கோல் நிறத்தில், தலை முன்னே கூரிய அலகாக நீண்டு நிற்பது பிரில்லா பெர்புசில்லா, லோபோபிடே குடும்பம். அதன் அணங்குக்கு வாலில் இரண்டு நீண்ட மெழுகிழைகள், வாத்தியார் கையில் பிடித்த இறகுப் பேனாக்கள் போல. தலை நீண்டிருக்கிறது, உடல் பச்சை, புல்லிலும் செடியிலும் தனியே இருக்கிறது என்றால் டிக்டியோபாரிடேயை நினையுங்கள்.

காட்டுப்பகுதியில் பெருமரத் தண்டில் விரல்நீளப் பூச்சியொன்று, யானைத்தும்பிக்கை போன்ற முன்தலையோடு ஒட்டியிருப்பதைக் கண்டால், விளக்குத்தத்திகளின் புல்கோரிடே குடும்பம் அது. அந்தத் தலை ஒளி விடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள், அதனால் வந்த பெயர், ஒளி விடாது. இதே குடும்பத்தில் தென்னிந்தியாவில் காணப்படும் ஒரு பேரினத்துக்கு 1900 இல் பூச்சியியலாளர் கிர்கால்டி வைத்த பெயர் காளிதாசா. அதே கிர்கால்டி பிறகு ஹவாய்க்குப் போய் அந்தத் தீவுகளின் தத்திகளை விவரித்தவர்.

நான்காம் படி: அணங்கை என்ன செய்வது

சிறகு முழுதாக இல்லாத, மெழுகு பூசிய, வாலில் பஞ்சு கட்டிய குட்டிகளைத்தான் புதியவர்கள் அதிகம் படமெடுக்கிறார்கள். அழகாக இருக்கும் என்பதால். இவற்றை இனம்வரை கொண்டுபோக முயல வேண்டாம். உணர்கொம்பு விதி அணங்குக்கும் செல்லும், டெல்பாசிடேயின் குதிமுள்ளும் வளர வளரத் தெரியும். அதற்கு மேல் வேண்டுமென்றால், அது இருந்த கொப்போடு வெட்டி வலைத்துணிக்குள் வைத்து வளர்த்து, வளர்ந்த பூச்சி வரும்வரை பொறுங்கள். உதிர்த்த தோலையும் எறியாமல் வையுங்கள்.

அணங்கைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இவற்றின் பின்கால்கள் உடலோடு சேரும் இடத்தில் பற்சக்கரம் உண்டு. ஒரு காலின் பல் மற்றக் காலின் பல்லோடு கோத்து, இரண்டு கால்களும் ஒரே கணத்தில் உதைக்கும். இஸ்ஸஸ் என்னும் தத்தியில் இதை 2013 இல் ஆய்வாளர்கள் பர்ரோஸ், சட்டன் இருவரும் படம்பிடித்து வெளியிட்டார்கள். கடைசித் தோலை உரிக்கும்போது அந்தச் சக்கரமும் போய்விடும்.

ஐந்தாம் படி: படமும் குறிப்பும்

ஒரு பூச்சிக்கு ஐந்து படம். தலை பக்கவாட்டில், முகம் நேரே, மேலிருந்து முழு உடல், பின்கால், இருந்த செடி. செடியை மறக்கிறவர்கள் அதிகம், ஆனால் தத்திகளில் பல ஒரு செடியையோ ஒரு செடிக்குடும்பத்தையோ மட்டுமே நம்பி வாழ்பவை. செடியின் பெயர் தெரிந்தால் பாதித் தேடல் முடிந்தது. அளவைக் காட்ட ஓரத்தில் அடிமட்டம் வையுங்கள். திகதி, இடம், நெல்லென்றால் போகமும் பயிரின் வயதும் எழுதுங்கள்.

எங்கே நிறுத்துவது

இதைச் சொல்லாமல் எந்த வழிகாட்டியும் நேர்மையாக இருக்காது. தாவரத்தத்திகளில் இனத்தை இறுதியாகத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஆணின் வயிற்று நுனியில் உள்ள இனப்பெருக்க உறுப்பின் வடிவம். அதை மதுசாரத்தில் பாதுகாத்த பூச்சியிலிருந்து பிரித்து, நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். படத்தில் தெரியாது. எர்னஸ்ட் கிரீன் என்ற தோட்டத்துரை மலையகத்துப் பூண்டுலோயாவில் சேகரித்த பூச்சிகளை முக்கியமாக வைத்து 1891 இல் பூச்சியியலாளர் கிர்பி இலங்கைப் பூச்சிப் பட்டியலொன்றை எழுதினார். அந்தக் காலத்து விவரிப்புகளில் நிறமும் அளவும்தான் அதிகம். அவற்றை மட்டும் வைத்து இன்று ஒரு படத்துக்குப் பெயர் சூட்டுவது ஆபத்து. ஆகவே “ரிக்கானிடே, இனம் தெரியவில்லை” என்று எழுதுவது நல்ல பதிவு. ஊகித்து எழுதிய இனப்பெயரைப் பிறகு ஒருவர் உண்மையென்று எடுத்துக்கொள்வார்.

உருவத்துக்கே எட்டாத எல்லையும் உண்டு. ஹவாய்த் தீவின் எரிமலைக் குகைகளில் ஒலியாரஸ் பொலிபெமஸ் என்ற கண்ணற்ற தத்தி, மேலேயுள்ள ஓஹியா மரங்களின் வேரை உறிஞ்சி வாழ்கிறது. குகைக்குக் குகை பார்த்தால் உருவம் ஒன்றுபோல. ஆனால் வேர் வழியே அனுப்பும் அதிர்வழைப்பு குகைக்குக் குகை வேறு. ஒரு பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுவது அதனால்தான். நம் கபில நிறத் தத்தியிலும் இப்படியொரு சிக்கல். எந்த நெல்லைத் தாக்க வல்லது என்பதை வைத்து அதில் வகைகள் பிரித்திருக்கிறார்கள், ஆனால் லென்ஸால் அந்த வகைகளைப் பிரிக்க முடியாது, நெல்லில் விட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தச் சோதனைகளுக்கு உலகம் பயன்படுத்தும் எதிர்ப்புள்ள நெல்களில் நம் நாட்டுப் பழைய இனங்களான ரத்து ஹீனட்டியும் பாபாவீயும் இருக்கின்றன.

முதல் வாரம் நெல்லில் மட்டும் இருங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பற்றை, ஒவ்வொன்றிலும் தட்டில் விழுந்ததை மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள்: தாவரத்தத்தி, இலைத்தத்தி, மற்றவை. ‘மற்றவை’ என்ற பகுதியில் சிலந்திகளும் அந்தப் பச்சை நாவாய்ப்பூச்சியும் எத்தனை என்று தனியே எழுதுங்கள். அந்த எண்ணிக்கையைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிப் பேசுங்கள். மருந்தா இல்லையா என்பதை அதற்குப் பிறகு தீர்மானிக்கலாம். என் பக்கத்து வயற்காரர் அன்றைக்கு மருந்தடிக்கவில்லை. இப்போது அவரது சட்டைப்பையிலும் ஒரு லென்ஸ் இருக்கிறது.